மென்பொருள் எழுதுபவர் மேசையிலும் மின்கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையைச் சுற்றி எழும்பிவரும் தரவு மையங்களுக்கு எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் தேவைப்படும் என்பது பற்றித் தமிழ் நாளிதழ்களில் அண்மைக் காலமாகச் செய்திகளும் கட்டுரைகளும் வெளிவருவது வரவேற்கத்தக்கது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை கட்டடத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை கணினிகள் ஓட வேண்டும், அவை இரவும் பகலும் என்ன வேலை செய்ய வேண்டும், அவற்றுள் எத்தனை யாருக்கும் பயனின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் மென்பொருள் எழுதுபவர்கள். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நெடுங்காலமாகப் பணிபுரிந்துவரும் மென்பொருள் பொறியாளன் என்ற முறையில், எங்கள் தொழிலுக்கு இதில் உள்ள பங்கைப் பற்றிச் சில செய்திகளைச் சக பொறியாளர்களின் முன்னும் அரசுத் துறைகளின் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

பன்னாட்டு எரிசக்தி முகமை 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் உள்ள தரவு மையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின. உலக மின்நுகர்வில் இது 1.5 விழுக்காடு. 2030-க்குள் இந்த அளவு இரு மடங்குக்கும் மேலாகி, 94,500 கோடி யூனிட்டை எட்டக்கூடும் என்பது அம்முகமையின் கணிப்பு. உலகக் கணக்கில் சிறியதாகத் தோன்றும் இந்தப் பங்கு, தரவு மையங்கள் குவிந்துள்ள இடங்களில் பெரும் சுமையாகிவிடுகிறது. அயர்லாந்தில் 2015-இல் நாட்டின் மின்நுகர்வில் 5 விழுக்காடாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023-இல் 21 விழுக்காடாயிற்று. அந்நாட்டின் நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து அவ்வாண்டில் பயன்படுத்திய மின்சாரத்தைவிட இது அதிகம்.

நம் நாட்டில் ஒவ்வொரு யூனிட்டின் விலையும் இன்னும் கூடுதல். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து கிடைப்பதால், மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. வடசென்னையிலும் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் அனல்மின் நிலையங்களின் சாம்பலோடு வாழும் மக்களுக்கு இது வெறும் எண் அல்ல. தண்ணீரும் அவ்வாறே. அனல்மின் நிலையத்தின் கொதிகலனுக்கும் குளிர்விப்புக்கும் நீர் வேண்டும். தரவு மையங்களுள் பலவற்றின் குளிர்விப்புக்கும் நீர் வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, எங்கள் சாலையில் இருந்த நிறுவனங்கள் பல, கழிப்பறைக்குக்கூட நீர் இல்லாத நிலையில், ஊழியர்களை வீட்டிலிருந்தே பணிபுரியச் சொல்லின. ஆகவே புகையும் கழிவும் இல்லாத தொழில் எங்களுடையது என்ற எண்ணத்தை மென்பொருள் துறையினர் நாங்களே முதலில் கைவிட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் இளம் பொறியாளர்களுக்கு நான் முதலில் சொல்வது, புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள் என்பதுதான். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்களான லூயிஸ் பரோசோ, உர்ஸ் ஹோல்ஸ்லே இருவரும் 2007-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், சர்வர்கள் (பிற கணினிகளின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் கணினிகள்) பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 விழுக்காடு வரையிலான சுமையிலேயே இயங்குகின்றன என்றும், எந்த வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போதுகூட முழுச் சுமையில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை இழுக்கின்றன என்றும் காட்டினார்கள். அதன்பின் வந்த சர்வர்கள் இந்த வகையில் மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் சும்மா இருக்கும் இயந்திரம் மின்சாரத்தைத் தின்கிறது என்ற அடிப்படை மாறவில்லை. அரைகுறைச் சுமையோடு நான்கு சர்வர்களை ஓட்டுவதைவிட, நிறைவான சுமையோடு இரண்டை ஓட்டுவது எப்போதும் மேல்.

இதில் மிக எளிதாகத் திருத்தக்கூடியது, சோதனைக்கென ஒதுக்கப்பட்ட சர்வர்கள். பெரிய மென்பொருள் ஒவ்வொன்றுக்கும், மக்கள் பயன்படுத்தும் பதிப்பைத் தவிர, உருவாக்கத்துக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு ஒன்று எனப் பல பிரதிகள் ஓடும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு 10 மணி நேரமாக ஐந்து நாள் வேலை என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இந்தப் பிரதிகளுக்குத் தேவை 50 மணி நேரம்தான். எஞ்சிய 118 மணி நேரம், அதாவது வாரத்தில் 70 விழுக்காடு நேரம், யாரும் இல்லாத வேளையில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. மாலையில் அணைத்துக் காலையில் எழுப்பும் சிறு நிரலை எழுத ஒரு பொறியாளருக்கு ஒரு பிற்பகல் போதும். இணையம் வழியே கணினிகளை வாடகைக்குத் தரும் பெரிய கிளவுட் சேவை நிறுவனங்கள் இதற்கான வசதியை வழங்குகின்றன. இருந்தும் இது நடப்பதில்லை. காரணம் தொழில்நுட்பம் அன்று. அந்தச் சர்வருக்கு யார் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது, அணைத்தால் எது உடையுமோ என்ற அச்சம் இருக்கும், மாதக் கட்டணமோ எழுதியவரின் கண்ணில் படாமல் வேறொரு துறைக்குப் போய்விடும். முடிந்துபோன திட்டங்களின் சர்வர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுவதும் இதனால்தான். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும் ஒரு முடிவுத் தேதியும் இல்லாமல் அதைத் தொடங்க அனுமதிக்கக் கூடாது என்ற ஒரே விதியை நிறுவனங்கள் கடைப்பிடித்தால், மற்ற எல்லாச் சீர்திருத்தங்களும் சேர்ந்து தருவதைவிட அதிகப் பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நிரலின் திறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் 27 நிரல்மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், ஒரே கணக்குகளைச் செய்து முடிக்க சி மொழிக்கு ஒரு பங்கு ஆற்றல் தேவைப்பட்டபோது, ஜாவாவுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கும் பைத்தானுக்கு ஏறத்தாழ 76 பங்கும் தேவைப்பட்டன. இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் சி மொழியில் திருப்பி எழுத வேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பைத்தானில் எழுதப்படும் அறிவியல் கணக்குகளில் பெரும்பகுதி, உள்ளே சி மொழியில் எழுதப்பட்ட நூலகங்களில்தான் நடக்கிறது. சாதாரண வணிக மென்பொருளிலோ நேரமும் மின்சாரமும் வீணாவது மொழியால் அல்ல, தரவுத்தளத்தை அணுகும் முறையால். சரியான இடத்தில் ஓர் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போன்ற தேடல் பட்டியல்) இல்லாததால், ஒரு வாடிக்கையாளரின் பதிவைத் தேட ஒரு கோடி வரிகளையும் படிக்கும் வினவல்கள் இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடுகின்றன. புதிய செய்தி உண்டா என்று மூன்று விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் செயலிகள், பயனரின் கைப்பேசி மின்கலத்தையும் சர்வரையும் ஒருசேர வாட்டுகின்றன. செய்தி வந்தபின் சர்வரே தெரிவிக்கும் முறை பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. ஒரு வரியைத் திருத்தி அனுப்பும்போதெல்லாம் மென்பொருள் முழுவதையும் புதிதாகத் தொகுத்து, எல்லாச் சோதனைகளையும் ஓட்டும் பழக்கமும் இத்தகையதே. மாறிய பகுதியைச் சார்ந்த சோதனைகளை மட்டும் ஓட்டினால் பொறியாளரின் காத்திருப்பும் குறையும்.

வடிவமைப்பில் எடுக்கும் ஒரு முடிவு, நூறு சிறு திருத்தங்களை விஞ்சக்கூடும். எத்தீரியம் என்ற மறைகுறி நாணயத்தின் வலையமைப்பு 2022 செப்டம்பர் 15 அன்று, கணினிகளைப் போட்டியிட்டுக் கணக்குப் போட வைக்கும் முறையைக் கைவிட்டு, வைப்புத்தொகையின் அடிப்படையில் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. அதன் மின்நுகர்வு ஒரே நாளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

அடுத்து, நம் மாநிலத்துக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தி. ஒரே கணக்கை எப்போது ஓட்டுகிறோம், எங்கே ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் கரியமிலச் சுமை மாறும். எங்கே என்பதற்குச் செயற்கை நுண்ணறிவுத் துறையிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. 17,500 கோடி அளவுருக்கள் (பயிற்சியின்போது சரிசெய்யப்படும் எண்கள்) கொண்ட ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க ஏறத்தாழ 12.9 லட்சம் யூனிட் மின்சாரம் செலவாகி, 552 டன் கரியமில வாயு வெளியேறியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். கிட்டத்தட்ட அதே அளவுள்ள புளூம் என்ற மாதிரியைப் பிரான்சில் பயிற்றுவித்தபோது செலவான மின்சாரம் ஏறத்தாழ 4.3 லட்சம் யூனிட். அந்த மின்சாரத்தால் வெளியேறியதோ சுமார் 25 டன் மட்டுமே. மின்சாரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது கரியமில வாயு இருபதில் ஒரு பங்குக்கு இறங்கியதற்குக் காரணம், பிரான்சின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின் நிலையங்களிலிருந்து வருவதுதான்.

ஆனால் இந்தியப் பொறியாளர்களுக்கு இடத்தை மாற்றும் வாய்ப்பு குறைவு. பணப் பரிவர்த்தனைத் தரவுகளை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. அரசுத் தரவுகளும் வெளியே போகக் கூடாதவை. நாட்டுக்குள் மும்பையிலிருந்து சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ மாற்றுவதால் பெரும் பயன் விளையாது. ஏனெனில் 2013 இறுதியில் தென்மண்டல மின்தொகுப்பும் இணைக்கப்பட்டதிலிருந்து இந்தியா முழுவதும் ஒரே மின்தொகுப்பாகவே இயங்குகிறது. நேரத்தை மாற்றுவதோ நம் கையில் இருக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது நிலக்கரியின் பங்கு குறைகிறது. மாலையில் வெயில் இறங்கி, வீடுகளில் விளக்குகளும் குளிர்சாதனங்களும் இயங்கத் தொடங்கும் நேரத்தில் அனல்மின் நிலையங்களை முடுக்கிவிட வேண்டியிருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களை ஒட்டிய காற்றாலைகள் தமிழகத்துக்கு மின்சாரத்தை அள்ளித் தருகின்றன. வாங்க ஆளில்லாத வேளைகளில் காற்றாலைகளையும் சூரிய மின் நிலையங்களையும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் நிலைகூட ஏற்படுகிறது. மூலதனமும் நிலமும் போட்டு அமைத்த பின், காற்றும் வெயிலும் இருக்கும்போதே அவற்றை நிறுத்திவைப்பதைப் போன்ற வீண் வேறில்லை.

இந்த நிலையிலும் எங்கள் துறையில் கனமான வேலைகள் எல்லாம் நள்ளிரவில்தான் ஓடுகின்றன. மாதச் சம்பளக் கணக்கு, நாள் முடிவு அறிக்கை, காப்புப் பிரதி, காணொளிகளை வெவ்வேறு அளவுகளுக்கு மாற்றுதல், மாதிரிகளைப் பயிற்றுவித்தல் ஆகியவற்றை இரவு 12 மணிக்கோ 1 மணிக்கோ வைப்பது, அலுவலகம் முழுவதற்கும் ஒரே பெரிய கணினி இருந்த காலத்தில் பகலில் பயனர்களுக்கு இடையூறு வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். இவற்றுள் விடியும் முன் முடிந்தே ஆக வேண்டியவை சில இருக்கலாம். மற்றவற்றை முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணிக்குள் நகர்த்த அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும். கூகுள் நிறுவனம் அவசரமில்லாத வேலைகளை மின்தொகுப்பில் தூய மின்சாரம் மிகும் நேரத்துக்கு நகர்த்தும் ஏற்பாட்டை 2020-லேயே அறிவித்தது. விண்டோஸ் 11 இயங்குதளமும், மின்தொகுப்பு பற்றிய தகவல் கிடைக்கும் வட்டாரங்களில், புதுப்பிப்புகளை அத்தகைய நேரத்தில் நிறுவ முயல்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நண்பகலில் உங்கள் சர்வர்கள் ஏற்கெனவே பயனர்களால் நிறைந்திருந்து, இந்த வேலைக்கென்று கூடுதல் சர்வர்களை வாங்க வேண்டிவந்தால், அவற்றைத் தயாரித்த சுமை சேமிப்பைத் தின்றுவிடும். ஆகவே காலியாக இருக்கும் திறனை மட்டுமே நண்பகலில் பயன்படுத்த வேண்டும்.

நான் மேலே கூறியவை யாவும் சர்வரைப் பற்றியவை. எங்கள் தொழில் இழைக்கும் மிகப் பெரிய தீங்கு அங்கே இல்லை, பயனரின் கையில் இருக்கிறது என்பதே இக்கடிதத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு கைப்பேசி அதன் வாழ்நாள் முழுவதும் ஏற்படுத்தும் கரியமிலச் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அது தயாரிக்கப்படும்போதே, பயனர் அதை முதன்முறையாக மின்னேற்றுவதற்கு முன்பே ஏற்பட்டுவிடுகிறது என்பதை ஆப்பிள் நிறுவனம் தானே வெளியிடும் அறிக்கைகளிலிருந்து அறியலாம். எனவே கைப்பேசி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைவிட, அது எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதே முதன்மையான கேள்வி. அந்த ஆயுளைத் தீர்மானிப்பது பல வேளைகளில் அதன் திரையோ மின்கலமோ அல்ல, மென்பொருள்தான். நன்றாக இயங்கும் கைப்பேசியில் வங்கிச் செயலி ஒருநாள் 'உங்கள் இயங்குதளப் பதிப்பை இனி ஆதரிக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டால், அந்தக் கைப்பேசி அன்றோடு பழைய இரும்புக் கடைச் சரக்குதான். 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கண்காணிப்பு அறிக்கை கூறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி நம் ஊர்களில் வெறுங்கையால் பிரிக்கப்படுகிறது, செம்புக்காகக் கம்பிகள் திறந்தவெளியில் எரிக்கப்படுகின்றன.

கணினிகளின் நிலையும் இதுவே. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை நுண்செயலியும் இல்லாததால் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் மாற முடியாமல் கழிவாகும் அபாயம் இருப்பதாகக் கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. சில நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டாலும் அது தீர்வு அல்ல. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் இன்னும் உயிரோடிருப்பவை, இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தில், கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் விண்ணப்பம் அனுப்பவும் தாராளமாகப் போதுமானவை. அவற்றைப் பயனற்றவையாக்குவது, ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறக்கவே பல மெகாபைட் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொட்டும் எங்கள் இணையதளங்கள்.

இதற்கு மாற்றாக ஒன்றைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி அரசின் 'நீல தேவதை' என்ற சுற்றுச்சூழல் முத்திரை 2020 முதல் மென்பொருளுக்கும் வழங்கப்படுகிறது. அதன் நிபந்தனைகளுள் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டுப் பழமையான கணினியிலும் அம்மென்பொருள் இயங்க வேண்டும் என்பது. வழக்கமான ஒரு பணியைச் செய்ய எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை அளந்து வெளியிடுவதும் கட்டாயம். 2022-இல் அம்முத்திரையை முதன்முதலாகப் பெற்றது, கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் ஒக்குலர் என்னும் ஆவண வாசிப்பு மென்பொருள். பெரிய நிறுவனங்கள் தயங்கிநின்ற இடத்தில், தன்னார்வலர்கள் அளவுகோலைப் பொருத்தி எழுதிய நிரல் முதலில் சென்று சேர்ந்திருக்கிறது.

பழைய இயங்குதளங்களை ஏன் கைவிடுகிறோம் என்பதற்கு எங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். ஒவ்வொரு பழைய பதிப்பையும் சோதிக்க ஆள் வேண்டும்; பிற நிறுவனங்களின் நிரல்தொகுப்புகள் பழையவற்றை விட்டுவிடுகின்றன; பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாத கைப்பேசியில் பணம் கையாளுவது ஆபத்து. கடைசிக் காரணத்தில் உண்மையான வலு இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் பொருந்தாத செயலிகளும் அதே நாளில் அதே பழைய கைப்பேசிகளைக் கைவிடுவதைப் பார்க்கிறோம். பேருந்து நேரம் காட்டும் செயலிக்கும் பாடப்புத்தகம் படிக்கும் செயலிக்கும் அண்மைய இயங்குதளம் எதற்கு? பாதுகாப்புத் திருத்தங்களைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்துத் தனியாக வழங்குவதும், செயலி ஓடாத இடத்தில் எளிய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்துவைப்பதும், 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கைப்பேசி ஒன்றைப் பொறியாளரின் மேசையிலேயே வைத்து ஒவ்வொரு பதிப்பையும் முதலில் அதில் சோதிப்பதும் செய்யக்கூடியவையே. புத்தம்புதிய, விலையுயர்ந்த கைப்பேசியில் மட்டும் சோதிப்பவருக்குத் தம் செயலியின் கனம் ஒருபோதும் தெரியப்போவதில்லை. முதியோர் உதவித்தொகைக்கும் குடும்ப அட்டைக்கும் விண்ணப்பிக்க வருபவர்கள் வைத்திருப்பது அந்தப் புதிய கைப்பேசி அன்று.

அரசு இணையதளங்களைப் பற்றிக் கூறும்போது, தமிழுக்கே உரிய ஒரு வீண்செலவையும் குறிப்பிட வேண்டும். அரசாணைகளும் அறிவிப்புகளும் இன்றும் பல துறைகளில் தாளில் அச்சிடப்பட்டு, படவருடியில் படமெடுக்கப்பட்டு, பிடிஎஃப் கோப்பாக ஏற்றப்படுகின்றன. இணையத்தில் பரவலாக வழங்கும் யூனிகோட் வடிவமான யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் எடுத்துக்கொள்கிறது என்றாலும், இவ்வளவு நீண்ட இக்கடிதம் முழுவதும் எழுத்தாக 100 கிலோபைட்டைத் தாண்டாது. சுருக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். இதே கடிதத்தை அச்சிட்டுப் படமெடுத்து ஏற்றினால் பல மெகாபைட் ஆகும். அந்தப் படத்தில் எதையும் தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, கிராமத்தில் பலவீனமான இணைப்பில் அது திறக்கவும் செய்யாது. மின்சாரத்தைச் சேமிப்பதும் குடிமக்களின் வசதியும் ஒரே திருத்தத்தில் கைகூடும் இடம் இது.

இந்தத் துறையில் மிகையான கணக்குகளும் உலவுகின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. இணையத்தில் ஒரு மணி நேரம் காணொளி பார்ப்பது பல கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதற்குச் சமம் என்ற கூற்று சில ஆண்டுகளுக்கு முன் பரவலாக எடுத்தாளப்பட்டது. பன்னாட்டு எரிசக்தி முகமை 2020-இல் மறுபடி கணக்கிட்டபோது உலகச் சராசரி மணிக்கு 36 கிராம் கரியமில வாயு என்ற அளவிலேயே வந்தது. மின்னஞ்சல்களை அழிப்பதால் பூமி காப்பாற்றப்படும் என்பது போன்ற அறிவுரைகள், செய்ய வேண்டிய பெரிய வேலைகளிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகின்றன. அதனால்தான் அளந்து பேசும் பழக்கம் எங்களுக்கு வேண்டும் என்கிறேன். பசுமை மென்பொருள் அறக்கட்டளை உருவாக்கிய கணக்கீட்டு முறை 2024-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 21031 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாக வெளிவந்திருக்கிறது. மென்பொருள் பயன்படுத்தும் மின்சாரத்தை அந்த இடத்து மின்தொகுப்பின் கரியமில அளவால் பெருக்கி, வன்பொருளைத் தயாரித்ததால் ஏற்பட்ட சுமையில் உரிய பங்கைக் கூட்டி, ஒரு பயனருக்கு அல்லது ஒரு பரிவர்த்தனைக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொல்வது அம்முறை. எங்கோ மரம் நட்டதற்கான சான்றிதழை வாங்கி இந்த எண்ணைக் குறைத்துக் காட்ட அதில் இடமில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

சேமித்த மின்சாரத்தைப் புதிய தேவைகள் விழுங்கிவிடும், ஆகவே திறனைப் பெருக்குவதால் பயனில்லை என்ற வாதமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்காக இன்று எழுப்பப்படும் தரவு மையங்களைப் பார்க்கும்போது அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தத் தேவையில் ஒரு பகுதியை உருவாக்குவதும் நாங்கள்தாம். ஒரு படிவத்தில் தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வரி நிரல் போதும் என்றிருக்க, அதைப் பெரிய மொழி மாதிரியிடம் அனுப்பிக் கேட்கும் வடிவமைப்புகளை இப்போது காண்கிறேன். வாடிக்கையாளரின் புகார் எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும் என்று பிரித்துச் சொல்ல, சாதாரணக் கணினியிலேயே ஓடக்கூடிய சிறிய மாதிரி போதும். எது போதுமோ அதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம், குழுவில் மிக இளைய பொறியாளருக்கும் ஓரளவு இருக்கிறது. வடிவமைப்புக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தனிமனித அக்கறைக்கு அப்பால் விதிகளும் வேண்டும் என்பதால், தமிழக அரசுக்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அரசுக்காக மென்பொருள் உருவாக்கும் பணிகளுக்கு மின் ஆளுமை முகமையும் எல்காட் நிறுவனமும் பிற துறைகளும் கோரும் ஒப்பந்தப்புள்ளிகளில், ஏழு ஆண்டுப் பழமையான கைப்பேசியிலும் கணினியிலும் அச்சேவை இயங்க வேண்டும் என்பதையும், ஒரு பக்கத்தின் அளவுக்கு உச்சவரம்பு உண்டு என்பதையும், சோதனைச் சர்வர்கள் அலுவலக நேரத்துக்கு வெளியே அணைக்கப்பட வேண்டும் என்பதையும் நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும். மேற்சொன்ன தரத்தின்படி ஆண்டுதோறும் அளந்து, அந்த எண்ணைப் பொதுவில் வெளியிடுவதும் ஒப்பந்ததாரரின் கடமையாக வேண்டும். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் மென்பொருள் நிறுவனங்கள் செய்யாமல் இருக்க முடியாது. அரசுக்காகக் கற்ற பழக்கம் தனியார் பணிகளுக்கும் தொற்றும். அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இறுதியாண்டுத் திட்டப்பணிகளை மதிப்பிடும்போது, அந்த நிரல் எவ்வளவு ஆற்றலை எடுத்துக்கொள்கிறது என்பதையும் மாணவர் அளந்து காட்ட வேண்டும் என்று கேட்கலாம். அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ் நாளிதழ்களின் இணையதளங்களைப் பராமரிக்கும் என் சக பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. செய்தியின் எழுத்தளவு சில கிலோபைட்டாக இருக்க, கேட்காமலே ஓடத் தொடங்கும் காணொளிகளும் விளம்பர நிரல்களும் அதைப் பல மடங்கு கனமாக்குகின்றன. பயனர் தொட்டால் மட்டுமே காணொளி ஓட வேண்டும்; படங்களைத் திரையின் அளவுக்கு ஏற்ப, வெப்பி போன்ற புதிய வடிவங்களில் சுருக்கி அனுப்ப வேண்டும்; பக்கத்தின் கீழே உள்ள படங்களை வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய முதலீடு தேவையில்லை. தங்கள் இதழின் தளத்தில் இவை எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கின்றன என்பதைத் தங்கள் தொழில்நுட்பக் குழுவினரிடம் கேட்டு வாசகர்களுக்குத் தெரிவித்தால், பிற தளங்களை நடத்துபவர்களும் தங்கள் கணக்கை வெளியிட அது தூண்டுதலாக அமையும்.

இங்ஙனம்,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
சோழிங்கநல்லூர், சென்னை.